ஒத்தைப் புள்ளைக்கு ஒரு வண்டிச் சாமானா?

ஏ பேராண்டி, புள்ள பொறந்து எட்டு மாசம் ஆயிருச்சாமே. ரொம்பச் சந்தோசம். பொறந்தப்ப ஆம்பளையா பொம்பளையான்னு நான் கேக்கலை. தாயும் புள்ளையும் நல்லா இருந்தாச் சரி. ஆனா இன்னொரு சேதியும் காதுல விழுந்துச்சு. புள்ள ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்கு முந்தியே வீட்டுல ஒரு வண்டிச் சாமான் வந்து எறங்கிருச்சாமே? வச்சுத் தள்ள ஒரு வண்டி. தானா ஆடுற தொட்டிலு. பால்புட்டியை அவிக்க ஒரு பாத்திரம், பாலைச் சூடு பண்ண இன்னொரு பாத்திரம். புள்ள அழுதா அடுத்த ரூம்புக்குத் தாக்கல் சொல்ல ஒரு கேமரா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். உன் வீடே ரெண்டு ரூம்பு. அழுகைச் சத்தம் காதுல விழாதா?

கோவிச்சுக்கிராத. கெழவன் வாயி, சும்மா கெடக்காது. அருப்புக்கோட்டைக்குத் தெக்க கரிசக்காட்டுல வெயிலைப் பாத்துக்கிட்டே வயசாகிப்போன ஆளு நான். பேப்பர் வாசிக்கிற கெட்ட பழக்கமும் உண்டு. நாலு வார்த்தை சொல்லுவேன். பிடிச்சா வச்சுக்க, பிடிக்காட்டி கேட்டுக்கிட்டு மறந்துரு. உங்கப்பன் அப்படித்தான் செஞ்சான்.

அந்த வாக்கரை எடு மொதல்ல. நடுவுல ஓட்டை, சுத்தி பொம்மை, அடியில சக்கரம். எட்டு மாசத்துப் புள்ளையை அதுல சொருகி விட்டுட்டு ‘நடக்கப் பழகுறான் தாத்தா’ங்கிறே. எங்க நடக்குறான்? உக்காந்துக்கிட்டே கால் நுனியால தரையை ஒதைக்கிறான். அது நடையா? நம்ம ஆசாரி செஞ்சு குடுப்பாரே, மர நடைவண்டி, ஞாபகம் இருக்கா? மூணு உருளை, பிடிக்க ஒரு கட்டை. புள்ள தானா எந்திரிச்சு நின்னாத்தான் அது நகரும். பிடிச்சு, தள்ளி, பொத்துன்னு விழுந்து, மறுபடி எந்திரிக்கணும். காலுல தெம்பு வராத புள்ளையை அது ஏமாத்தாது. உன் வாக்கரு ஏமாத்தும். நிக்கவே தெரியாதவனுக்கு ஓடுற வேகத்தைக் குடுத்துரும். அடுப்படிக்குப் போவான், மாடிப்படிக்குப் போவான், சுடுதண்ணிச் சட்டியை எட்டிப் பிடிப்பான். கனடா நாட்டுல 2004-லயே அதை விக்கவும் கூடாது, வெளிய இருந்து கொண்டாரவும் கூடாதுன்னு தடை போட்டுட்டாக. நீ ஆடித் தள்ளுபடியில ஒண்ணு வாங்கி, பக்கத்து வீட்டுக்கும் ஒண்ணு சிபாரிசு பண்ணியிருக்கே.

எதுக்கு இந்த அவசரம்னு கேட்டா, எதுத்த வீட்டுப் பய பத்து மாசத்துல நடந்துட்டானாம். வாட்ஸ்அப்புல படம் வந்துச்சாம். உன் பொண்டாட்டிக்கு ராத்திரி ஒறக்கம் இல்லையாம். தாயி, நீயும் கேட்டுக்க. உலக சுகாதார நிறுவனம் அஞ்சு தேசத்துப் புள்ளைகளை உக்காந்து பாத்துக் கணக்கெடுத்திருக்கு. நம்ம நாட்டுப் புள்ளைகளும் அதுல சேத்தி. 8 மாசத்துல நடந்த புள்ளையும் உண்டு, 17 மாசத்துல நடந்த புள்ளையும் உண்டு. ரெண்டும் நல்ல புள்ளைகதான். ஒன்றரை வருசம் தாண்டியும் நடக்கலைன்னா டாக்டரைப் பாரு. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கலைன்னா அதுக்கு முன்னாடியே பாரு. அதுவரைக்கும் செல்லை மூடி வை. பத்து மாசத்துல நடந்தவனும் பதினாறு மாசத்துல நடந்தவனும் பெரியாளானா ஒரே பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடப் போறானுக.

சோத்துக்கு வருவோம். உங்க வீட்டுப் பெரிய கூத்தே அதுதான்.

ஒரு கிண்ணம் பருப்புச்சோறு. அதுக்கு முன்னாடி ஒரு செல்லு. செல்லுக்குள்ள ஒரு யானை இங்கிலீசுல ஆடுது. புள்ள வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குது. அந்தச் சமயம் பாத்து நீ ஒரு உருண்டையை உள்ள தள்ளுறே. சோறு ஊட்டுற மாதிரியா இருக்கு, தபால்பெட்டியில காயிதம் போடுற மாதிரி இருக்கு. அதுக்குத் தின்னது என்னன்னும் தெரியாது, வயிறு நெறைஞ்சதும் தெரியாது.

நான் கேட்டா என்னையே மடக்குறே. ‘நீங்க மட்டும் நிலாவைக் காட்டலையா? காக்காயைக் காட்டலையா?’ காட்டுனோம்டா. இல்லைன்னு யாரு சொன்னா? அதுவும் ஏமாத்து வேலைதான். ஆனா காக்கா பறந்து போயிரும். நிலா மேகத்துக்குள்ள போயிரும். ஒரு நிலா முடிஞ்சதும் அடுத்த நிலா தானா வராது. ‘இதையும் பாரு’ன்னு ஓரத்துல இன்னும் பத்து நிலா வரிசை கட்டி நிக்காது. அதோட, காக்காயைக் காட்டுற கெழவி வாயைப் பாத்திருக்கியா? அதுக்கு அம்மா எங்க, அது எங்க தூங்கும், உனக்கு ஒரு வாய் அதுக்கு ஒரு வாய்னு பேசிக்கிட்டே இருப்பா. புள்ளயும் பதிலுக்கு ‘கா’ங்கும். சோத்தோட சேந்து பேச்சும் உள்ள போகும். உன் யானைக்குப் புள்ள பதில் சொல்லட்டும் பாப்போம். அது நின்னு கேக்குமா?

2019-ல அதே உலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. 2 வயசு வரைக்கும் திரை வேணவே வேணாம். 4 வயசு வரைக்கும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகாது, கொறைச்சா இன்னும் நல்லதுன்னு. இதைச் சொல்ல ஜெனீவாவுல ஆபீஸ் போட்டு உக்காரணுமா? உங்க அப்பத்தா சொன்னா நீ கேக்க மாட்டே. அதான், அம்புட்டுத் தொலவுல இருந்து சொல்ல வேண்டியிருக்கு.

இன்னொண்ணு கவனிச்சேன். பத்து மணிக்கு ரெண்டு பிஸ்கட்டு. பதினோரு மணிக்கு டப்பா மாவு போட்ட பாலு. பன்னெண்டு மணிக்கு அழுதான்னு ஒரு மிட்டாயி. ஒரு மணிக்கு ‘ஒரு வாய் கூடத் திங்க மாட்டேங்கிறான் டாக்டர்’. டாக்டரு பாவம், அவரு என்ன செய்வாரு? ஒரு டானிக் எழுதிக் குடுப்பாரு. பசிச்சாத் திங்கும், பசிக்காட்டித் திங்காது. இதுல என்னய்யா ரகசியம்? மாட்டுக்கன்னுக்கே அவ்வளவு வெவரம் இருக்கு.

அந்த டப்பாவைப் பத்தியும் சொல்லிப்புடுறேன். ஒசரமாக்கும், பலமாக்கும், மூளையை வளக்கும்னு விக்கிறாகளே, அதையெல்லாம் ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையில வச்சு விக்காதீகன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசு ஆன்லைன் கடைக்காரங்களுக்குச் சொல்லிருச்சு. ஏன்னா நம்ம உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கெடையாது. இம்புட்டு வருசமா இல்லாத வகையைத்தான் ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கிட்டு இருந்திருக்கோம். இன்னொரு டப்பா, முளைக்கட்டுன கேப்பை மாவாம். விலையைப் பாத்து எனக்கு மயக்கமே வந்துருச்சு. நாங்க தின்னப்ப கேப்பைன்னா ஏழைபாழை சோறு. கல்யாண வீட்டுல பேரைச் சொன்னாச் சிரிப்பாக. ஊற வச்சு, துணியில முடிஞ்சு தொங்கவிட்டு, முளை வந்ததும் காய வச்சுத் திரிச்சு, வேட்டித் துணியில சலிச்சு எடுத்தா முடிஞ்சுபோச்சு. உன் தெருவுல அங்கன்வாடி இருக்குல்ல? ஆறு மாசம் முடிஞ்ச புள்ளைக்குச் சத்துமாவு சும்மாவே குடுக்குறாக. ‘நம்ம போய் வரிசையில நிக்கிறதா’ன்னு உனக்குக் கவுரவம். காசு குடுத்தாத்தான் சத்துன்னு எவன் சொன்னான்?

‘தாத்தா, அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வர்றீகளா’ன்னு கேப்பே. அதான் இல்லை. திண்ணையில எங்கூட உக்காந்திருக்குற கெழடுகளுக்கு அந்த நெனப்பு உண்டு. ‘நாங்க பத்துப் பெத்தோம், எல்லாம் தானா வளந்துச்சு’ன்னு மீசையைத் தடவுவாக. பத்துப் பெத்தீகளே, எத்தனை மிஞ்சுச்சுன்னு கேளு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. 1971-ல நம்ம நாட்டுல ஆயிரம் புள்ள பொறந்தா 129 புள்ள ஒரு வயசைப் பாக்காமப் போயிரும். 2020-ல அது 28 ஆச்சு. தமிழ்நாட்டுல 13. பொற்காலமாம், பொற்காலம்!

பொறந்த புள்ளைக்குச் சேனை வைக்கிறதுன்னு ஒரு சடங்கு. ஊர்ல நல்ல கொணமான ஆளாப் பாத்துக் கூட்டியாந்து, புள்ள நாக்குல சீனித்தண்ணி தொட்டு வைக்கணும். வச்சவுக கொணம் புள்ளைக்கு வந்துருமாம். அப்படிப் பாத்தா எங்க ஊர்ல பாதிப்பேரு மகாத்மாவா ஆகியிருக்கணும். வந்ததெல்லாம் வயித்தால போறதுதான். தேனைத் தொட்டு வைக்கிறவுகளும் உண்டு; ஒரு வயசு வரைக்கும் தேனைக் கண்ணுலயே காட்டக் கூடாதுங்கிறாக டாக்டருக. இன்னொரு கூத்தைக் கேளு. பசுமாடு கன்னு போட்டா, அந்தச் சீம்பாலுக்கு வீட்டுல அடிதடி நடக்கும். பெத்தவ மார்ல வர்ற சீம்பாலு மட்டும் கெட்ட பாலுன்னு பீய்ச்சிக் கொட்டுவாக. மாட்டுக்கன்னுக்கு ஒரு நியாயம், மனுசக் கன்னுக்கு ஒரு நியாயம். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பாலு, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் வேணாம், எங்க ஊர் அக்கினி நட்சத்திர வெயிலுக்குக் கூடத் தண்ணி வேணாம்னு நர்சம்மா வீடு வீடா வந்து சொல்லித்தான் நாங்க மாறுனோம். தடுப்பூசி போட வந்தவுகளைக் கண்டா புள்ளையைத் தூக்கிக்கிட்டுச் சோளக்காட்டுக்குள்ள ஒளிஞ்சவளுகளும் உண்டு. அதுக்கும் அசராம அந்த அம்மாமாரு வந்தாக. இளம்பிள்ளை வாதம் 2011 சனவரியோட நின்னுச்சு. 2014-ல போலியோ இல்லாத நாடுன்னு சொன்னாக. ஆக, ஊசியை மட்டும் தேதி தவறாமப் போட்டுரு. ‘இயற்கையா வளக்குறோம்’னு இங்கிலீசுல பேசிக்கிட்டு ஊசிக்குப் போகாத ஆளுக நகரத்துல இருக்காகளாமே? சோளக்காடு மட்டும்தான் கொறை.

வயித்தால போச்சுன்னா என்ன செய்யணும்னு தெரியுமா உனக்கு? செல்லுல தேடுவே. அது பதினேழு சீக்கைக் காட்டும். பயந்து நீ படுத்துக்குவே. 1971-ல வங்காளத்து அகதி முகாம்ல காலரா வந்துச்சு. நரம்புல ஏத்துற மருந்துப் பாட்டிலு பத்தலை. திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டரு, உப்பையும் குளுக்கோசையும் சோடாவையும் தண்ணியில கலந்து, பெத்தவுக கையிலயே குடுத்து, புள்ளைக்கு ஊட்டச் சொன்னாரு. கோப்பையால குடிச்சே சாவு மளமளன்னு கொறைஞ்சுச்சு. அதான் நீ இப்பக் கேவலமாப் பாக்குற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாச் சும்மாவே குடுப்பாக. பாக்கெட்டு மேல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கும், பெருசுன்னா ஒரு லிட்டரு. அம்புட்டுலயும் மொத்தத்தையும் கரைக்கணும். பாதிப் பாக்கெட்டை டம்ளர்ல போட்டுக் கலக்குறது வைத்தியம் இல்லை.

காச்சலுக்கும் அதே நிதானம்தான். தெர்மாமீட்டரைப் பாக்குறதுக்கு முந்தி புள்ளையைப் பாரு. வெளையாடுதா? பாலு குடிக்குதா? ஒண்ணுக்குப் போகுதா? அப்ப நீயும் ஒரு காபி குடி. மூணு மாசத்துக்குள்ள உள்ள பச்சைப் புள்ளைக்குக் காச்சலா, பாலு குடிக்க மாட்டேங்குதா, மூச்சு வாங்குதா, துவண்டு கெடக்குதா, வெட்டு வருதா, அப்ப என்னையும் கேக்காத, செல்லையும் கேக்காத. வண்டியை எடு.

ராத்திரி அழுகைக்குத்தான் யாருகிட்டயும் மருந்து கெடையாது. ஒன்றரை மாசம் வாக்குல அழுகை உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். வசம்பைச் சுட்டு உரைச்சு ஊத்துறது, மூக்குல எண்ணெய் விடுறது, தாயத்துக் கட்டுறது எல்லாத்தையும் நாங்க பாத்தோம். அடங்குற நாளு வந்ததும் கடைசியா எதைச் செஞ்சோமோ அதுக்குப் பேரு கெடைக்கும். கிரைப் வாட்டரு கதை தெரியுமா? 1851-ல இங்கிலாந்துல வில்லியம் உட்வர்டுன்னு ஒரு ஆளு கண்டுபிடிச்சது. இப்ப வர்றதுல சாராயம் கெடையாது. அந்தக் காலத்துல அதுல சாராயம் கலந்திருக்கும். புள்ள உறங்காம என்ன செய்யும்?

டயப்பரைப் பத்திப் பேச வேணாம்னுதான் பாத்தேன். ஊருக்கு, கல்யாணத்துக்குப் போனாக் கட்டு, வேணாம்னு சொல்லலை. சித்திரை மாசத்துல இருபத்துநாலு மணி நேரமும் கட்டி வச்சுட்டு, தொடை செவந்துபோச்சுன்னு ஒரு கிரீம் வாங்குறியே, அங்கதான் இடிக்குது. கொஞ்ச நேரம் காத்தாட விடு. தரை நனைஞ்சாத் தொடைச்சுக்கிறலாம்.

பள்ளிக்கூடம்? இப்பவே எடம் சொல்லி வச்சுட்டியாமே. இன்னும் எந்திரிச்சு நிக்கலை, அதுக்குள்ள என்னவோ ஒரு பேரு போட்ட பள்ளிக்கூடத்துல துட்டுக் கட்டியாச்சு. மூணு வயசுல இன்டர்வியூவாம். புள்ளைக்கும் கேள்வி, பெத்தவுகளுக்கும் கேள்வி. எங்க காலத்து இன்டர்வியூவைக் கேளு. வாத்தியாரு வலது கையைத் தலைக்கு மேல சுத்திப் போட்டு இடது காதைத் தொடச் சொல்லுவாரு. எட்டுச்சுன்னாச் சேத்துக்குவாரு. எட்டலைன்னா ‘போடா, அடுத்த வருசம் வா’ன்னு வெரட்டுவாரு. ஒரு பைசாச் செலவில்லை, பொய் சொல்லவும் முடியாது. பின்லாந்துங்கிற தேசத்துல ஏழு வயசுலதான் ஒண்ணாம் வகுப்பு. அங்க எவனும் மூணு வயசுல இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கிட்டுப் போகலை.

இம்புட்டுப் பேசுறனே, உன் கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஒரு புள்ள வளர நாலஞ்சு சோடிக் கை வேணும். குளிப்பாட்டக் காலை நீட்டி உக்கார ஒரு ஆளு. தொட்டில் ஆட்ட ஒரு ஆளு. பெத்தவ ரெண்டு மணி நேரம் கண்ணசர, புள்ளையை வாங்கிக்கிட்டுத் தெருவுக்குப் போற ஒரு ஆளு. உங்க வீட்டுல இருக்கதே ரெண்டு சோடி. அதுல ஒரு சோடி லேப்டாப்புல கெடக்கு. இல்லாத கைக்குப் பதிலாத்தான் அந்த வண்டிச் சாமானும் வந்திருக்கு. எனக்கு அது புரியாமலா கேலி பண்றேன்? ஆனா தானா ஆடுற தொட்டிலுக்குப் புள்ள முழிச்சிருக்கா உறங்கிருச்சான்னு தெரியாதே.

அந்தக் காலத்துக் கை மட்டும் சும்மா வந்துச்சான்னும் பாக்கணும். களை எடுக்கப் போனவ வேப்பமரத்துல பழைய சேலையைத் தொட்டிலாக் கட்டி, புள்ளையைப் போட்டு, பக்கத்துல மூத்தவளை உக்கார வச்சுட்டுப் போவா. மூத்தவளுக்கு எட்டு வயசு இருக்கும். இடுப்புல தம்பி, அந்த இடுப்பு வளைஞ்சபடியே வளந்துச்சு. தம்பி படிச்சான். அவ படிக்கலை. ‘கூட்டுக் குடும்பம் எம்புட்டு அருமை’ன்னு பட்டிமன்றத்துல பேசுறவுக, அந்த அக்காவை மேடையேத்திக் கேக்கலாம். 1975-ல அங்கன்வாடி வந்துச்சு, 1982-ல இங்க சத்துணவு வந்துச்சு. பல அக்காமாரு பள்ளிக்கூட வாசலை மிதிச்சது அதுக்கப்புறந்தான். ஆம்பளைக? பெரியவுக முன்னாடி தன் புள்ளையைத் தூக்குறதே கூச்சம்னு அண்ணன் புள்ளையைத் தூக்கிக்கிட்டு அலைவாக. அண்ணன் தம்பி புள்ளையைத் தூக்குவான். நல்ல ஏற்பாடு. நீ குளிப்பாட்டுறே, துணி அலசுறே, ராத்திரி எந்திரிக்கிறே. உனக்கு அந்த விசயத்துல நூத்துக்கு நூறு. வெளிய சொல்லிறாத, கெழடுக என்னைத் திண்ணையில சேக்க மாட்டாக.

அந்த லேப்டாப்புக்காரங்ககிட்டயும் ஒண்ணு கேட்டு வை. 2017-ல சட்டத்தைத் திருத்தி, மொத ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னாக. 50 பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற எடத்துல புள்ளைக் காப்பகம் இருக்கணும்னும் அதே சட்டத்துல எழுதுனாக. உன் ஆபீஸ்ல இருக்கா? காபி மிசினு இருக்கு, பந்து வெளையாட மேசை இருக்கு, ஒறங்குறதுக்குத் திண்டு கூட இருக்குன்னியே. காப்பகம் எங்க? தகப்பனுக்கு மத்திய அரசு வேலையில 15 நாள் லீவு உண்டு. தனியாருக்குச் சட்டம் ஒண்ணும் சொல்லலை. நீங்க நாலு பேரு சேந்து கேட்டா என்ன? வாட்ஸ்அப்புல புள்ள எடையை ஒப்பிட்டுப் பாக்குற நேரத்துல இதைக் கேளுங்க. கொஞ்சமாச்சும் பிரயோசனம்.

மாசம் தவறாமப் புள்ளையைக் கூடைக்குள்ள வச்சுப் படம் எடுக்குறீகளாமே, அடுத்த மாசத்துக் கூடையை நிறுத்தி வை. அந்தக் காசுல உங்க அம்மாவுக்கும் உன் மாமியாருக்கும் மாத்தி மாத்தி பஸ்ஸு டிக்கெட்டைப் போடு. வந்ததும் சேனை, தேனு, தாயத்துன்னு ஆரம்பிச்சா மட்டும் மரியாதையாத் தடுத்துரு; நான் சொன்னேன்னு சொல்லு. அவுகளால வர முடியலைன்னா உன் தெருவுல ஒரு வயசான அம்மா தனியாத்தான் உக்காந்திருக்கும், கதவைத் தட்டிப் பாரு. ஒரு மணி நேரம் புள்ளையைக் குடுத்துட்டு, நீயும் தாயியும் போயி ஒறங்குங்க. புள்ளையைக் குடுக்கும்போது செல்லையும் சேத்துக் குடுத்துறாத, அந்தம்மா சீரியல் பாக்க ஆரம்பிச்சுரும்.